கல்லை அறுத்த நூல்

நீங்கள் கேட்டிருப்பது மூன்று விஷயம். மத்திய அமெரிக்காவின் பழங்கால மாயா, ஓல்மெக் மக்களிடம் இரும்பே கிடையாது, அப்புறம் ஜேடு என்ற உறுதியான பச்சைக் கல்லில் இவ்வளவு நுணுக்கமாக எப்படிச் செதுக்கினார்கள்? அந்தக் கல் சீனாவிலிருந்து போனது என்று ஒரு வீடியோவில் சொல்கிறார்களே, உண்மையா? தங்கத்தைவிட அதை உயர்வாக நினைத்தார்களாமே, ஏன்? மூன்றுக்கும் அடியில் ஒரே சந்தேகம்தான் ஒளிந்திருப்பதாக எனக்குப் படுகிறது: இதை அவர்களே செய்தார்களா? அவர்களேதான் செய்தார்கள். அதற்குக் கல்லே சாட்சி சொல்லும்.

என்னைப் பற்றி ஒரு வார்த்தை. இருபத்தாறு வருடமாகக் கல் பட்டறை. பட்டை தீட்டுவது, துளை போடுவது, யாராவது கொண்டுவந்து நீட்டினால் இது இன்ன கல் என்று சோதித்துச் சொல்வது, இதுதான் தொழில். மத்திய அமெரிக்க ஜேடு மீது ஒரு பைத்தியம் உண்டு, கிடைத்ததை எல்லாம் படித்திருக்கிறேன். ஆனால் மாயா எழுத்து படிக்கத் தெரியாது. எழுத்து சம்பந்தப்பட்ட இடத்தில் அறிஞர்கள் படித்துச் சொன்னதைத்தான் சொல்வேன். கல் சம்பந்தப்பட்டதை என் பொறுப்பிலேயே சொல்கிறேன்.

சீனக் கதையை முதலில் முடித்துவிடலாம். கடைகளில் ஜேடு என்று ஒரே பெயரில் விற்பது இரண்டு வெவ்வேறு கல். ஒன்று நெஃப்ரைட், இன்னொன்று ஜேடைட். பார்வைக்கு அண்ணன் தம்பி மாதிரி இருந்தாலும் வேதியியலில் இரண்டும் வேறு வேறு கனிமம். இதைப் பிரித்துக் காட்டியவர் பிரெஞ்சுக்காரர் அலெக்சிஸ் டமூர், 1863-ல். சீனர்கள் ஆயிரக்கணக்கான வருடங்களாகச் செதுக்கியது நெஃப்ரைட்டை. ஜேடைட் பர்மாவிலிருந்து சீனாவுக்குப் பெருமளவில் போக ஆரம்பித்தது 18-ஆம் நூற்றாண்டில்தான். ஓல்மெக், மாயா மக்களின் உயர்ந்த வேலைப்பாடுகள் ஜேடைட். ஆக, மெக்சிகோ வளைகுடாக் கரையில் ஓல்மெக் கைவினைஞன் ஜேடைட்டைத் தேய்த்துக்கொண்டிருந்த காலத்தில் சீனக் கைவினைஞன் கையில் இருந்தது வேறு கல். அனுப்பியிருக்கவே வழியில்லை.

அவர்களுக்கு அந்தக் கல் கிடைத்த இடமும் தெரியும்: குவாத்தமாலாவின் மொடாகுவா ஆற்றுப் பள்ளத்தாக்கு. வட அமெரிக்கத் தட்டும் கரீபியத் தட்டும் உரசிக்கொள்ளும் கோடு அது. ஜேடைட் உருவாகப் பயங்கரமான அழுத்தம் வேண்டும், ஆனால் அந்த ஆழத்துக்கு வெப்பம் குறைவாக இருக்க வேண்டும். இரண்டும் சேர்ந்து அமையும் இடம் உலகத்திலேயே சில. கடல்தரை பூமிக்குள் சொருகும் இடத்தில் கல் உண்டாகி, செர்பென்டைன் என்ற வழுவழுப்பான பச்சைப் பாறையோடு மேலே வருகிறது. அப்புறம் ஆறு உருட்டிக்கொண்டு போகிறது. மாயாக்காரர்கள் பெரும்பாலும் ஆற்றுப்படுகையில் உருண்டு கிடந்ததைத்தான் பொறுக்கியிருக்கிறார்கள். அவர்களுடைய பல பதக்கங்களைப் பின்பக்கம் திருப்பினால் கூழாங்கல்லின் வளைவு அப்படியே இருக்கும்.

ஸ்பானியர் படையெடுப்புக்குப் பிறகு அந்தத் தொழில் நின்றது, கல் கிடைக்கும் இடமும் வெளியுலகத்துக்கு மறந்தே போனது. 1955-ல்தான் அமெரிக்காவின் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தைச் சேர்ந்த வில்லியம் ஃபோஷாக்கும் ராபர்ட் லெஸ்லியும் மொடாகுவா பகுதியில் மன்சனால் என்ற ஊரருகே ஜேடைட் கிடைப்பதை எழுதினார்கள். அதற்குப் பிறகும் ஓல்மெக்காரர்கள் விரும்பிய நீலப்பச்சைக் கல் எங்கிருந்து வந்தது என்பது புதிராகவே இருந்தது. 1998-ல் மிட்ச் புயல் அந்த மலைகளைப் புரட்டிப்போட்டது. வெள்ளம் அடித்துவந்த கற்களைப் பின்தொடர்ந்து மலையேறிப் போய், 2000-களின் தொடக்கத்தில் அந்த நீலக்கல் இருக்கும் இடத்தையும் புவியியலாளர்கள் கண்டுபிடித்துவிட்டார்கள்.

இதில் ஒரு வேடிக்கை. ‘ஜேடு’ என்ற சொல்லே அமெரிக்கப் பக்கத்திலிருந்து வந்ததுதான். மெக்சிகோவில் இந்தக் கல்லை விலாவில் வைத்தால் சிறுநீரக வலி போகும் என்று கேள்விப்பட்ட ஸ்பானியர் இதைப் ‘பியெத்ரா தெ இஹாதா’ என்றார்கள், விலாக்கல் என்று பொருள். அந்த இஹாதா தேய்ந்து ஜேடு ஆகி, கடைசியில் சீனக் கல்லுக்கும் அதுவே பெயராகிவிட்டது. சீனாவிலிருந்து போனது என்று வீடியோ போடுகிறவருக்கு இதைச் சொல்லிப் பாருங்கள்.

சரி, எப்படிச் செதுக்கினார்கள்? ‘இரும்பைவிடக் கடினமான கல்லை இரும்பில்லாமல்’ என்று கேட்கும்போது அது மாயம் மாதிரித் தெரிகிறது. கடினம் என்ற சொல்லில்தான் குழப்பம். கீறல் விழாத தன்மை வேறு, அடித்தால் உடையாத தன்மை வேறு. வைரத்தை வேறு எந்தக் கல்லும் கீறாது, ஆனால் சுத்தியலால் ஒரு போடு போட்டால் சிதறிவிடும். ஜேடைட் இதற்கு நேர் எதிர். கீறும் அளவுகோலில் ஆறரையிலிருந்து ஏழு, சாதாரண ஆற்றுமணலில் இருக்கும் குவார்ட்ஸ் ஏழு. மணலே அதைத் தேய்த்துவிடும். ஆனால் உள்ளே படிகங்கள் நார் முடைந்த மாதிரி ஒன்றோடொன்று பின்னிக் கிடப்பதால் உளி வைத்து அடித்தால் அசையாது. இரும்பு உளி இருந்திருந்தாலும் பெரிய பிரயோஜனம் இருந்திருக்காது. சீனர்கள் இரும்புக் கருவி வைத்திருந்த காலத்திலும் நெஃப்ரைட்டைத் தேய்த்துத்தான் உருவாக்கினார்கள். நாங்களும் இன்று வெட்டுவதில்லை, தேய்க்கிறோம். எங்கள் சக்கரத்தில் குருந்தமோ வைரப்பொடியோ இருக்கிறது, மோட்டார் சுற்றுகிறது, அவ்வளவுதான் வித்தியாசம். (கொரண்டம் என்ற ஆங்கிலப் பெயர் நம் குருந்தத்திலிருந்து போனதுதான். கல் விஷயத்தில் பெயர்கள் இப்படித்தான் ஊர் சுற்றும்.)

அவர்களுடைய ரம்பம் வெறும் நூல். கயிற்றை நனைத்து, மணலில் தோய்த்து, கல்லின் மேல் முன்னும் பின்னும் இழுத்துக்கொண்டே இருப்பது. அறுப்பது நூல் இல்லை, நூலில் ஒட்டிய மணல். ஒருமுறை ஆசைக்காக நானே செய்து பார்த்தேன். தேங்காய் அளவுகூட இல்லாத ஒரு ஜேடைட் துண்டு, பருத்தி நூல், சலித்த ஆற்றுமணல், ஒரு கிண்ணம் தண்ணீர். இரண்டு மணிநேரம் இழுத்தேன். நூல் ஒன்பது தடவை அறுந்தது. கடைசியில் கல்லைத் துடைத்துவிட்டுப் பார்த்தால் நகம் வைத்தால் தட்டுப்படும் அளவுக்கு ஒரு கோடு. எறும்பு ஊரக் கல்லும் தேயும் என்பதை வீட்டில் சொல்லிச் சிரித்தார்கள். ஆனால் அந்தக் கோடு என்னை ஆச்சரியப்படுத்தியது. ஓரம் சுத்தமாக, அடி லேசாக வளைந்து, அருங்காட்சியகப் படங்களில் பார்க்கும் அதே கோடு.

முழுக் கல்லையும் இப்படி அறுக்கவில்லை. ஒரு பக்கம் பாதி, எதிர்ப்பக்கம் பாதி அறுத்துவிட்டு, நடுவில் மெல்லிய சுவர் மாதிரி மிஞ்சும்போது தட்டிப் பிரித்தார்கள். பிரிந்த இடத்தில் ஒரு முரட்டு வரப்பு நிற்கும். முன்பக்கம் அதைத் தேய்த்து மெருகேற்றிவிடுவார்கள், பின்பக்கத்தை யார் பார்க்கப்போகிறார்கள் என்று பல நேரம் விட்டுவிடுவார்கள். நமக்கு அந்தச் சோம்பேறித்தனம் பெரிய உதவி. பாதி அறுத்து நின்றுபோன கல்லும் கிடைத்திருக்கிறது. குவாத்தமாலா நகரத்துக்கு உள்ளேயே இருக்கும் காமினால்ஹுயு என்ற பழைய ஊரில் ஒரு கட்டடப் படிக்கட்டின் அடியில் கிட்டத்தட்ட 90 கிலோ எடையுள்ள ஜேடு பாறை இருந்தது, துண்டு துண்டாக அறுத்தெடுத்த தடங்களோடு.

உங்கள் வீடியோவில் ‘மெஷின் போட்டது’ என்று வட்டம் போட்டுக் காட்டிய கச்சிதமான வளையங்கள் குழாய்த் துளைகள். உள்ளே கூடான நாணலோ பறவை எலும்போ எடுத்து, மணலும் தண்ணீரும் விட்டுச் சுழற்றினால் விளிம்பு மட்டும் தேய்ந்து வட்டமாகப் பள்ளம் விழும். நடுவில் ஒரு குட்டித் தூண் நிற்கும். அதை உடைத்தெடுத்தால் துளை, அப்படியே விட்டால் கண். பல மாயா முகங்களின் கண்ணும், காதுத்தோட்டின் வட்டமும் இப்படி வந்தவை. ஓல்மெக் முகங்களில் வாயின் இரண்டு ஓரத்திலும் சின்னக் குழி இருக்கும், முதலில் அந்தக் குழியைப் போட்டுவிட்டு இரண்டையும் இணைத்து உதட்டைத் தேய்த்திருக்கிறார்கள். மணித்துளைகளை இரண்டு பக்கத்திலிருந்தும் போட்டிருப்பதால் உள்ளே நடுவில் இடுப்பு சிறுத்து உடுக்கை மாதிரி இருக்கும். சில மணிகளில் இரண்டு துளையும் நேராகச் சந்திக்காமல் கொஞ்சம் விலகிப்போயிருக்கும். அந்தத் தப்பைப் பார்க்கும்போது எனக்கு ஒரு பாசமே வந்துவிடும். நானும் அப்படிப் போட்டிருக்கிறேன்.

இதுவரை சொன்னது உறுதி. உறுதியில்லாதது, அந்தக் குழாயை எதனால் சுழற்றினார்கள் என்பது. உள்ளங்கைகளுக்கு நடுவில் வைத்து உருட்டினார்களா, வில் கட்டி இழுத்தார்களா? மரமும் கயிறும் அந்த ஈரக் காட்டில் மக்கிப்போகும் என்பதால் இரண்டுக்கும் வாதம் இருக்கிறது. அதேபோல ‘இந்த முகமூடிக்கு இத்தனை வருடம் ஆகியிருக்கும்’ என்று எண் சொல்பவர்களை நான் நம்புவதில்லை. ஒருத்தர் இழுத்ததா, பத்துப் பேர் மாறி மாறி இழுத்ததா என்பதைப் பொறுத்தது அது.

யார் இழுத்தார்கள் என்பதற்குக் கொஞ்சம் தடயம் உண்டு. மலையும் சமவெளியும் சந்திக்கும் இடத்தில் இருந்த கான்குவென் என்ற மாயா ஊரில் ஜேடு பட்டறைகளை அகழ்ந்திருக்கிறார்கள், 16 கிலோ அளவுள்ள ஒரு பாறைகூட அங்கே கிடைத்தது. அங்கே சாதாரண மக்களின் வீட்டுப் பக்கமே சில்லுகளும் அறுத்த துண்டுகளும் கிடக்கின்றன. முரட்டு வேலையைக் குடியானவர்கள் வீட்டில் செய்து, முகமும் எழுத்தும் செதுக்கும் கடைசி வேலையை மேல்குடிக் கைகள் செய்திருக்கலாம் என்கிறார்கள். பட்டறைக்காரனாக எனக்கு அது பொருத்தமாகவே தெரிகிறது. இங்கேயும் அறுத்துக் கொடுப்பவர் ஒருவர், பட்டை போடுபவர் வேறொருவர்.

இனி அவர்கள் மனசில் அந்தக் கல் என்னவாக இருந்தது என்ற பக்கம். இங்கே ஓல்மெக்கையும் மாயாவையும் தனித்தனியாக வைத்துப் பேச வேண்டும். ஓல்மெக் பண்பாடு சுமார் கி.மு. 1200 முதல் 400 வரை, மெக்சிகோ வளைகுடாக் கரையில் சான் லொரென்சோ, லா வென்டா என்ற ஊர்கள் பக்கம். மாயாவின் செழிப்பான காலம் கி.பி. 250 முதல் 900 வரை. நடுவில் எவ்வளவு இடைவெளி பாருங்கள். ‘ஓல்மெக்’ என்பதுகூட அவர்கள் தங்களுக்கு வைத்துக்கொண்ட பெயர் இல்லை, ரப்பர் நாட்டுக்காரர்கள் என்று பிற்காலத்தில் அஸ்டெக் மொழியில் சொன்னது. நாம் படிக்கும்படியான எழுத்து எதையும் அவர்கள் விட்டுப்போகவில்லை. அதனால் ஓல்மெக் ஜேடைக் காட்டி ‘இது மழைதெய்வம், இது சிறுத்தை மனிதன்’ என்று யாராவது அடித்துச் சொன்னால் அதை ஊகம் என்றே எடுத்துக்கொள்ளுங்கள். நல்ல ஊகமாகவும் இருக்கலாம். கோடாரி வடிவக் கற்களை மக்காச்சோளக் கதிரோடு சேர்த்துப் பார்ப்பது அப்படியொரு நல்ல ஊகம் என்பது என் அபிப்பிராயம்.

ஊகமே தேவைப்படாத ஓர் இடமும் உண்டு. 1955-ல் லா வென்டாவில் தோண்டியபோது மண்ணுக்குள் ஒரு சின்னக் கூட்டம் நின்றுகொண்டிருந்தது. பதினாறு பொம்மைகள், சாண் உயரம், நீண்ட மண்டை, மொட்டைத் தலை. ஜேடும் செர்பென்டைனும். ஒன்று மட்டும் சொரசொரப்பான மட்டமான கல், அது மற்றவற்றைப் பார்த்து நிற்கிறது. பின்னால் ஆறு கோடாரிக் கற்கள் சுவர் மாதிரி நட்டு வைத்திருக்கின்றன. சில கோடாரிகளில் அரைகுறைக் கோடுகள். முன்பு வேறு ஏதோ பெரிய செதுக்கலாக இருந்ததை அறுத்துக் கோடாரி ஆக்கியிருக்கிறார்கள். எல்லாவற்றையும் வைத்து மூடி, மேலே தளம் போட்டார்கள். அப்புறம் நெடுநாள் கழித்து யாரோ சரியாக அந்த இடத்தில் தளத்தை உடைத்து, தலைகள் தெரியும் வரைக்கும் மட்டும் தோண்டி, எதையும் எடுக்காமல் மறுபடி மூடியிருக்கிறார்கள். இருக்கிறதா என்று பார்த்திருக்கிறார்கள், அவ்வளவுதான். மெக்சிகோ நகர மானுடவியல் அருங்காட்சியகத்தில் அதே வரிசையில் நிறுத்தி வைத்திருக்கிறார்கள்.

மாயா பக்கம் வந்தால் எழுத்து பேசுகிறது. அவர்கள் மொழியில் ‘யஷ்’ என்றால் பச்சையும் நீலமும் சேர்ந்த நிறம், ‘முதல்’ என்ற பொருளும் உண்டு. நம் ‘பச்சை’ நிறத்தையும் சொல்லும், வேகாததையும் புதுசையும் சொல்லும் இல்லையா, அதை வைத்துப் பார்த்தால் நமக்கு இது சட்டென்று புரியும். பச்சை என்றால் இளங்கதிர், தண்ணீர், உயிர். காற்றுக்கும் மூச்சுக்கும் அவர்களுடைய எழுத்து ஆங்கில ‘T’ போல இருக்கும். 2015-ல் பெலீஸ் நாட்டின் நிம் லி புனித் என்ற பழைய மாயா ஊரில் அதே வடிவத்தில் ஒரு ஜேடு மார்புப் பதக்கம் கிடைத்தது. அகலம் கிட்டத்தட்ட 19 சென்டிமீட்டர், தடிமன் ஒரு சென்டிமீட்டருக்கும் கீழே, பின்பக்கம் முழுக்க எழுத்து. அந்தத் தடிமனில் அந்த அகலத்துக்கு ஜேடைத் தகடாக்குவதை நினைத்தால் எனக்கு இன்றும் கை கூசுகிறது.

மூச்சு என்றதும் நினைவுக்கு வருபவர் பலென்கே என்ற மாயா நகரத்து அரசர் கினிச் ஹனாப் பகால். 683-ல் இறந்தார். 1952-ல் அகழ்வாய்வாளர் அல்பெர்டோ ரூஸ் அவருடைய கல்லறையைத் திறந்தபோது முகத்தில் ஜேடு முகமூடி, விரல்தோறும் ஜேடு மோதிரம், ஒரு கையில் ஜேடு கனசதுரம், மறுகையில் ஜேடு உருண்டை, வாய்க்குள் ஒரு ஜேடு மணி. உடல் முழுக்கச் சிவப்பு இங்குலிகத் தூள். (அந்த முகமூடி 1985 கிறிஸ்துமஸ் சமயத்தில் அருங்காட்சியகத்திலிருந்து களவுபோய் 1989-ல்தான் திரும்பியது.) வாயில் வைத்த மணி போகிற உயிர்மூச்சைப் பிடித்து வைக்க என்று 16-ஆம் நூற்றாண்டு ஸ்பானியக் குறிப்புகளிலிருந்து தெரிகிறது. மக்காச்சோள மாவும் கல்லும் சேர்த்து வாயில் வைத்ததைப் பாதிரியார் லாந்தா எழுதியிருக்கிறார். படிக்கும் தமிழனுக்கு வாய்க்கரிசி ஞாபகம் வராமல் இருக்காது. சீன ஹான் காலத்திலும் பிணத்தின் வாயில் ஜேடு வைத்தார்கள். உங்கள் வீடியோக்காரர் பிடித்துக்கொண்டது இதைத்தான். ஆனால் ஒத்துப்போவதை எல்லாம் தொடர்பு என்று எடுத்தால், வாய்க்கரிசியை வைத்து மாயாவைத் தஞ்சாவூர்க்காரர் ஆக்கிவிடலாம். சாவின் முன்னால் வாயில் எதையாவது வைத்து அனுப்பத் தோன்றுவது மனிதருக்குப் பொதுவான ஒன்று.

உயிரோடு இருந்தவர்களுக்கும் ஜேடு உடம்போடு ஒட்டியதுதான். காதுத்தோடு, மார்பில் மணிவரிசை, முன்பல்லில் குழி போட்டுப் பதித்த பொட்டு, இடுப்புப் பட்டையில் தொங்கும் மெல்லிய கல் தகடுகள். நடந்தால் தகடுகள் ஒன்றோடொன்று மோதிக் கிணுகிணுக்கும். அப்படியொரு தகடு 1864-ல் குவாத்தமாலாவில் கால்வாய் வெட்டும்போது கிடைத்து, இப்போது நெதர்லாந்தின் லைடன் நகரில் இருக்கிறது. அதில் செதுக்கிய தேதி கி.பி. 320. கல் கை மாறிக்கொண்டேயும் இருந்தது. பியெத்ராஸ் நெக்ராஸ் என்ற மாயா நகரத்து அரசர் பெயரும் 706-ஆம் வருடமும் பொறித்த ஒரு ஜேடு தலை, தூரத்தில் இருக்கும் இன்னொரு மாயா நகரமான சிச்சென் இட்சாவின் புனிதக் கிணற்றுச் சேற்றிலிருந்து வந்தது. கப்பமா, கொள்ளையா, பரிசா என்பதற்கு ஆளுக்கொரு விளக்கம் சொல்கிறார்கள்.

போலி பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் இந்த மாதிரி வீடியோ பார்ப்பவர்கள் அடுத்து ஆன்லைனில் வாங்கத்தான் போவார்கள், அதனால் சொல்கிறேன். உறவினர் ஒருவர் மெக்சிகோ போய்விட்டு ‘பழைய மாயா முகம்’ என்று ஒன்று கொண்டுவந்தார். தராசில் 212 கிராம். நூலில் கட்டித் தண்ணீருக்குள் தொங்கவிட்டு எடைபோட்டால் 131. குறைந்தது 81 கிராம். 212-ஐ 81-ஆல் வகுத்தால் 2.6, அதாவது அதே அளவு தண்ணீரைப்போல 2.6 மடங்கு எடை. ஜேடைட்டாக இருந்தால் 3.3 வந்திருக்க வேண்டும். சரி, ஓல்மெக்காரர்கள் செர்பென்டைனும் செதுக்கினார்கள், அதன் எடையும் இதே அளவுதான், ஆகவே கல்லை மட்டும் வைத்துப் போலி என்று சொல்ல முடியாது. துளைக்குள் டார்ச் அடித்துப் பார்த்தேன். இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் வரை ஒரே அளவு, இடுப்பே இல்லை, நேரான மோட்டார் துளை. உறவினர் ஒரு வாரம் பேசவில்லை. அசலாக இருந்திருந்தால் இன்னும் சங்கடம், நாட்டை விட்டு வெளியே கொண்டுவந்ததே குற்றம். மேலோட்டமாகப் பார்த்து நான் சொல்லக்கூடியது இவ்வளவுதான். உறுதியாகச் சொல்ல ஆய்வகம் வேண்டும், எங்கே தோண்டி எடுத்தது என்ற பதிவு வேண்டும்.

கடைசியாகத் தங்கம். மாயாவின் அந்தச் செழிப்பான காலத்தில் தங்கம் அநேகமாகப் புழங்கவே இல்லை, அதனால் ‘தங்கத்தைவிட’ என்ற ஒப்பீடு அவர்களுக்குப் பொருந்தாது. அது பின்னால் வந்த அஸ்டெக் மக்களின் கதை. ஸ்பானியப் படையோடு போன பெர்னல் தியாஸ் என்ற சிப்பாய் எழுதி வைத்திருக்கிறார்: அஸ்டெக் அரசர் மொக்தெசுமா சில பச்சைக் கற்களை நீட்டி, ஒவ்வொன்றும் இரண்டு சுமை தங்கத்துக்குச் சமம் என்றாராம். 1520-ல் ஸ்பானியர்கள் இரவோடு இரவாக அஸ்டெக் தலைநகரத்தை விட்டு ஓடியபோது பலர் தங்கத்தை மூட்டை கட்டிக்கொண்டு, அந்தப் பாரத்தோடே ஏரியில் விழுந்து செத்தார்கள். பெர்னல் தியாஸ் பெட்டியிலிருந்து நான்கு பச்சைக் கற்களை மட்டும் எடுத்து மார்க்கவசத்துக்குள் சொருகிக்கொண்டார். பிறகு காயத்துக்கு வைத்தியம் பார்க்கவும் சாப்பாட்டுக்கும் உதவியது அந்த நான்கு கல்தான்.